மஞ்சள் மேங்கோ: ரூட்டர் உழைக்கும், பவர்தான் பாடாய்ப் படுத்தும்

வைஃபை பாதுகாப்புச் சோதனைக்குக் கையோடு கொண்டுபோகும் ரூட்டர் கிட் கட்டுகிறவர்கள் சிப்பைப் பற்றியும் ஆன்டெனாவைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். களத்தில் கிட் படுத்துவிடுவது என்னவோ மேசை டிராயரில் கிடந்த ஒரு கேபிளால்தான். அதனால் இந்த விமர்சனம் ரூட்டரோடு நிற்காது. ஜிஎல் ஐநெட்டின் ஜிஎல்-எம்டி300என்-வி2, அதாவது எல்லோரும் 'மேங்கோ' என்று சொல்லும் மஞ்சள் டப்பா, அதில் செருகும் இரண்டாவது ரேடியோ, பென்டிரைவ், இவை அத்தனைக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் பேங்க் என்று மொத்தக் கிட்டையும் எடைபோடுகிறோம்.

முதலில் டப்பா. 58 மில்லிமீட்டர் சதுரம், 25 மில்லிமீட்டர் உயரம், 40 கிராமுக்கும் கீழே எடை. உள்ளே மீடியாடெக் எம்டி7628என்என், 580 மெகாஹெர்ட்ஸ். ரேம் 128 எம்பி, ஃபிளாஷ் 16 எம்பி. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இரண்டு, யூஎஸ்பி 2.0 ஒன்று, பவருக்கு மைக்ரோ யூஎஸ்பி. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பக்கவாட்டில் ஒரு தள்ளு ஸ்விட்ச் உண்டு. அதை ஸ்கிரிப்ட்டில் பிடித்து 'பதிவு ஆரம்பி / நிறுத்து' என்று கட்டிவிட்டால் லேப்டாப்பைத் திறக்காமலேயே வேலை நடக்கும். சின்ன வசதிதான், ஆனால் ஏணி மேல் நிற்கும்போது அருமை தெரியும்.

இந்த வேலைக்கு ஒரு காலத்தில் எல்லோரும் தேடியது டிபி-லிங்க் டிஎல்-எம்ஆர்3020. ஏதெராஸ் ஏஆர்9331 சிப், 400 மெகாஹெர்ட்ஸ். ஹாக்5 நிறுவனம் வைஃபை சோதனைக்கென்றே விற்ற 'வைஃபை பைனாப்பிள்' கருவிகளில் மார்க் 5, நானோ இரண்டிலும் இருந்தது இதே சிப்தான் என்பதால், 'அந்தக் கருவியை மலிவாக வீட்டிலேயே கட்டலாம்' என்று எம்ஆர்3020-க்கு ஒரு மவுசு வந்தது. இன்றைக்கும் பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைக்கிறது. வாங்காதீர்கள். அதன் முதல் பதிப்பில் ஃபிளாஷ் 4 எம்பி, ரேம் 32 எம்பி. ரூட்டர்களுக்கான இலவச லினக்ஸ் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியில் 19.07 வரிசையோடு அந்த அளவுக்கான கதவு மூடிவிட்டது; 21.02-லிருந்து குறைந்தபட்சமே 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் கருவியே ஓட்டை அடைக்காத பழைய மென்பொருளில் ஓடினால் வாடிக்கையாளர் முகத்தை எப்படிப் பார்ப்பது? மூன்றாம் பதிப்பு வேறு ஜாதி: எம்டி7628 சிப், 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் 'வெர்ஷன்' எண்ணைப் பார்க்காமல் காசை நீட்டக் கூடாது.

மேங்கோவில் முதல் நாளே செய்ய வேண்டியது ஒரு காப்பு. 'ஃபேக்டரி' என்ற பெயரில் 64 கேபி அளவுள்ள ஒரு பார்ட்டிஷன் ஃபிளாஷில் இருக்கிறது. அந்தத் தனிப்பட்ட ரேடியோவுக்கான கேலிப்ரேஷன் எண்களும் மேக் முகவரியும் அதற்குள்தான். இன்னொரு மேங்கோவிலிருந்து எடுத்துப் போட்டால் சரிப்படாது. 'ப்ராக்' அடைவின் கீழே உள்ள 'எம்டிடி' கோப்பைத் திறந்து அதன் வரிசை எண்ணைப் பார்த்து, 'டிடி' கட்டளையால் ஒரு பிரதி எடுத்து கணினியில் வைத்துவிடுங்கள். ஏஆர்9331 டப்பாக்களில் இதற்கு 'ஆர்ட்' என்று பெயர், அளவு அதே 64 கேபி. எத்தனையோ பேர் ஃபர்ம்வேர் மாற்றும் அவசரத்தில் இதை அழித்துவிட்டு, பிறகு 'சிக்னல் பக்கத்து அறைக்குக்கூடப் போகவில்லை' என்று ஆன்டெனாவைக் குற்றம் சொல்வதுண்டு.

மேங்கோவோடு வரும் ஃபர்ம்வேரே ஓபன்டபிள்யூஆர்டி மேல் கட்டியதுதான். பயணத்தில் ஹோட்டல் வைஃபைக்கு அது போதும். சோதனைக் கிட்டுக்குச் சுத்தமான ஓபன்டபிள்யூஆர்டியே நல்லது. தேவையில்லாத சேவை எதுவும் பின்னால் ஓடாது. உங்கள் மாடலுக்கான 'சிஸ்அப்கிரேட்' என்ற ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றும்போது 'பழைய செட்டிங்ஸை வைத்துக்கொள்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வேண்டிய பேக்கேஜ்களைப் பிறகு ஒவ்வொன்றாக நிறுவுவதைவிட, ஓபன்டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் பட்டியலைக் கொடுத்து, இமேஜுக்குள்ளேயே சேர்த்துக் கட்டி வாங்குவது கெட்டிக்காரத்தனம். இமேஜுக்குள் போனது ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிவைக்கும் கோப்பு அமைப்பில் நன்றாக அமுங்கி உட்காரும். பிறகு நிறுவினால் ஓவர்லேயில், அதாவது ஃபிளாஷில் நாம் எழுதக்கூடிய பகுதியில், அதைவிட அதிக இடத்தைத் தின்னும். இன்னொரு காரணமும் உண்டு. 'கேமாட்' என்று ஆரம்பிக்கும் டிரைவர் பேக்கேஜ்கள், மென்பொருளின் மையமான கெர்னலின் அதே கட்டமைப்போடு அச்சாகப் பொருந்த வேண்டும். அடிக்கடி மாறும் சோதனைப் பதிப்பான ஸ்னாப்ஷாட் இமேஜை ஏற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து டிரைவர் நிறுவப் போனால், கெர்னல் பொருந்தவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும்.

ஃபர்ம்வேர் கெட்டு டப்பா கிளம்பாமல் 'பிரிக்' ஆகிவிட்டால் பயம் வேண்டாம். ரீசெட் பட்டனை அழுத்தியபடியே பவர் கொடுங்கள். விளக்கு ஐந்து முறை மினுக்கியதும் விடுங்கள். கணினியின் ஈதர்நெட்டுக்கு 192.168.1.2 என்று கையால் முகவரி கொடுத்து, பிரவுசரில் 192.168.1.1 திறந்தால் ரூட்டரைக் கிளப்பும் சிறு நிரலான யூ-பூட்டின், ஃபர்ம்வேர் ஏற்றும் பக்கம் வந்து நிற்கும். எம்ஆர்3020 முதல் பதிப்பில் இதே நிலைமை வந்தால் மூடியைப் பிளந்து, 3.3 வோல்ட் சீரியல் கம்பியைச் சாலிடர் செய்து, 115200 வேகத்தில் பேசியாக வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்துக்கே மேங்கோவுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

அடுத்து ரேடியோ. ஒரு ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் இருக்கும். மேங்கோவின் சொந்த வைஃபை 6-ஆம் சேனலில் அக்சஸ் பாயின்ட்டாக (சுருக்கமாக ஏபி) உங்கள் மொபைலுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தால், அதே ரேடியோவில் சுற்றியுள்ள பாக்கெட்டுகளை எல்லாம் ஒட்டுக்கேட்கும் மானிட்டர் மோடைத் திறந்தாலும் காதில் விழுவது 6-ஆம் சேனல்தான். சேனல் மாற்றினால் மொபைல் அறுந்துவிடும். 'மானிட்டர் மோட் வேலை செய்கிறது, ஆனால் பக்கத்து ஏபி ஒன்றும் தெரியவில்லை' என்ற புகாரில் பெரும்பாலானவை இதுவே. ஆகவே உள் ரேடியோ நிர்வாகத்துக்கு, யூஎஸ்பியில் செருகும் வெளி ரேடியோ கேட்பதற்கு என்று பிரித்துவிடுங்கள். அடர்ந்த அலுவலகக் கட்டடத்தில் உள் ரேடியோ தடுமாறினாலும் அப்போது பதிவு கெடாது.

வெளி ரேடியோவுக்கு ஏஆர்9271 சிப் இன்னும் சலிக்காத தேர்வு. ஆல்ஃபா ஏடபிள்யூயூஎஸ்036என்எச்ஏ அந்தச் சிப்தான். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பும் அதுவே. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப்புக்கு மாறிவிட்டது, பெட்டியில் படம் மட்டும் மாறவில்லை. பதிப்பு எண் சொல்ல மறுக்கும் கடையில் இதை வாங்க வேண்டாம். டிரைவர் 'ஏடிஎச்9கே-எச்டிசி', அதன் கேமாட் பேக்கேஜைச் சேர்த்தால் ஃபர்ம்வேரும் கூடவே வந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸும் பார்க்க வேண்டிய இடமென்றால் எம்டி7612யூ சிப் போட்ட ஆல்ஃபா ஏடபிள்யூயூஎஸ்036ஏசிஎம் எடுங்கள். அதற்குக் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. கெர்னலுக்கு வெளியே தனியாகக் கட்ட வேண்டிய டிரைவர் கேட்கும் அடாப்டர்கள் லேப்டாப்பில் எப்படியோ ஓடும், ரூட்டரில் ஒவ்வொரு அப்கிரேடுக்கும் உயிரை வாங்கும்.

128 எம்பி ரேமில், வைஃபை பாக்கெட்டுகளைப் பிடித்து அலசும் கிஸ்மெட் சர்வரை முழுதாக ஓட்ட நினைக்காதீர்கள். அதன் 'ரிமோட் கேப்சர்' பகுதியை மட்டும் ரூட்டரில் வைத்து, பாக்கெட்டுகளை லேப்டாப்பில் ஓடும் சர்வருக்கு அனுப்புவதே முறை. லேப்டாப் இல்லாத இடத்தில் பாக்கெட்டைக் கோப்பில் பதிவுசெய்யும் 'டிசிபிடம்ப்-மினி' போதும். பதிவை பென்டிரைவில் எழுதுங்கள். 'டெம்ப்' அடைவு என்பது ரேம்தான், அதில் எழுதினால் ஒரு கட்டத்தில் நினைவகம் நிரம்பி ரூட்டர் மூச்சுத் திணறும். பென்டிரைவை இஎக்ஸ்டி4-ஆக ஃபார்மட் செய்து, கோப்பை 20 எம்பிக்கு ஒன்று என்று வெட்டும்படி அமைத்தால், கரண்ட் போனாலும் போவது கடைசித் துண்டு மட்டுமே. ஓவர்லேயை பென்டிரைவுக்கே மாற்றும் 'எக்ஸ்ட்ரூட்' வித்தை மேங்கோவுக்கு அவசியமில்லை. அதில் ஒரு கூத்தும் இருக்கிறது: பென்டிரைவ் மெதுவாக விழித்தெழுந்தால் ரூட்டர் அதற்குக் காத்திருக்காமல் உள் ஃபிளாஷிலிருந்தே கிளம்பிவிடும். பாஸ்வேர்ட், ஐபி எல்லாம் ஒரு மாதத்துக்கு முந்தையதாகத் தெரியும். 'யாரோ உள்ளே புகுந்து மாற்றிவிட்டார்கள்' என்று பதறுவதற்கு முன் பென்டிரைவைப் பாருங்கள். கட்டாயம் எக்ஸ்ட்ரூட் வேண்டுமென்றால் 'எஃப்எஸ்டேப்' அமைப்பில் 'டிலே_ரூட்' என்பதற்கு 5 அல்லது 10 வினாடி கொடுங்கள்.

கடிகாரம் என்ற ஒன்றை இந்த டப்பாக்களில் யாரும் கவனிப்பதில்லை. பேட்டரியோடு கூடிய கடிகாரச் சிப் உள்ளே கிடையாது. இன்டர்நெட் இல்லாமல் கிளம்பினால், 'இடிசி' அடைவில் கடைசியாகத் திருத்திய கோப்பின் தேதியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். செவ்வாய்க்கிழமை எடுத்த பதிவில் போன மாதத் தேதி விழும். அறிக்கையில் 'இத்தனை மணிக்கு இந்த அந்நிய ஏபி தெரிந்தது' என்று எழுதி, கட்டட நிர்வாகம் சிசிடிவியோடு ஒப்பிட்டால் மானம் போய்விடும். பதிவைத் தொடங்கும் முன் ரூட்டரின் நிர்வாகப் பக்கமான லூசியில் உள்ள 'பிரவுசரோடு நேரத்தை ஒத்திசை' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மொபைல் பிரவுசர் போதும்.

சரி, பவர். இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

மேங்கோ மட்டும் அதிகபட்சம் 2.75 வாட், அதாவது 5 வோல்ட்டில் 0.55 ஆம்பியர். ஏஆர்9271 வெறுமனே கேட்கும்போது கால் ஆம்பியர் என்று வையுங்கள். பாக்கெட் அனுப்பத் தொடங்கினால் அரை ஆம்பியரை நெருங்கும். பென்டிரைவுக்கு 0.1. ஆக, கேட்கும் வேலைக்கு மொத்தம் 0.9 ஆம்பியர், 4.5 வாட். 10000 எம்ஏஎச் பவர் பேங்கை 5 வோல்ட்டால் பெருக்கி 50 வாட்-மணி என்று கணக்குப் போடக் கூடாது. அந்த 10000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில். உண்மையில் 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக உயர்த்தும்போது 15 சதவீதம் சூடாகப் போகிறது என்றால் மிச்சம் 31. அதை 4.5-ஆல் வகுத்தால் சுமார் 7 மணி நேரம். பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று 6000 சொச்சம் போட்டிருக்கும். அதுதான் நேர்மையான எண்.

இப்போது கேபிள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை இதில்தான் நடக்கிறது. கேபிளின் தோலைப் படியுங்கள். '28ஏடபிள்யூஜி/1பி 24ஏடபிள்யூஜி/2சி' என்கிற மாதிரி அச்சடித்திருக்கும். முதல் எண் டேட்டா ஜோடிக்கு, இரண்டாவது எண் பவர் கம்பிக்கு. இரண்டாவது எண் எவ்வளவு சின்னதோ கம்பி அவ்வளவு தடிமன். பவர் கம்பியும் 28 என்றால் ஒரு மீட்டருக்குப் போக வர 0.43 ஓம், 0.9 ஆம்பியரில் 0.38 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட்டில் புறப்பட்டது 4.6-ல் போய்ச் சேரும். 24 என்றால் இழப்பு 0.15 வோல்ட், 20 என்றால் 0.06. எதுவும் அச்சடிக்காத கேபிள் என்றால் 28 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் நீளத்தில் 24 கம்பி போட்ட கேபிள் ஒன்று போதும்; நீளம் கூடக்கூடத் தலைவலி கூடும்.

வோல்ட் குறைவது நேரடியாகத் தெரியாது என்பதுதான் இதில் சூழ்ச்சி. விளக்குகள் எரியும், வைஃபையும் தெரியும். வெளி ரேடியோ விழித்தெழும் கணத்தில் மட்டும் சரிந்துவிடும். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் 'டிமெசேஜ்' பட்டியலில் 'டிவைஸ் நாட் அக்செப்டிங் அட்ரஸ்', கூடவே 'எர்ரர் மைனஸ் 71' என்று வந்தால், டிரைவரை மாற்றி மாற்றி ஏற்றி ஒரு நாளை வீணாக்காமல் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஒரு யூஎஸ்பி டெஸ்டரை ரூட்டர் முனையில் செருகி, ரேடியோ ஓடும்போது எண்ணைப் பாருங்கள். 4.75-க்குக் கீழே போனால் கிட் களத்துக்குத் தயாரில்லை. டெஸ்டரைப் பவர் பேங்க் முனையில் செருகினால் எப்போதும் 5.0 காட்டி ஏமாற்றும்.

பவர் பேங்க் வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, குறைந்த கரண்ட்டில் தானாக அணைவது. 50 முதல் 100 மில்லிஆம்பியருக்குக் கீழே இழுத்தால் 'மொபைல் சார்ஜ் ஆகிவிட்டது' என்று முடிவுகட்டி அணைத்துவிடும் ரகங்கள் நிறைய. மேங்கோவுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏஆர்9331 டப்பாவை வைஃபை அணைத்து ஈதர்நெட்டில் மட்டும் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். குறைந்த கரண்ட் மோட் உள்ள பேங்க் வாங்குங்கள், இல்லையென்றால் 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அது 106 மில்லிஆம்பியர் இழுக்கும், அரை வாட் வீணாகும், கையைச் சுடும். 2 வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள். இரண்டு, சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் வெளியீடு ஒரு நொடி அறுவது. பல பேங்குகளில் இது உண்டு. ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, கடிகாரமும் பின்னுக்குப் போய்விடும். கடையிலேயே ஒரு சின்ன விளக்கைச் செருகி, சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மினுக்கினால் வேண்டாம்.

யூஎஸ்பி துளை ஒன்றுதான் என்பதால் ரேடியோ, பென்டிரைவ் இரண்டுக்கும் ஹப் வேண்டும். தனிப் பவர் கொடுக்கும் ஹப்பில் ஒரு மலிவு ரகம் 5 வோல்ட்டை மேல்நோக்கி ரூட்டருக்கே திருப்பி அனுப்பும். ரூட்டரின் பவர் கேபிளை உருவிய பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால் அதுதான். அந்த நிலையில் ரூட்டர் முழுதாக அணையவும் செய்யாது, ஒழுங்காகக் கிளம்பவும் செய்யாது. ஹப்பின் மேல்முனைக் கேபிளில் சிவப்புக் கம்பியை மட்டும் வெட்டிவிட்டால் தீர்ந்தது.

சொந்தமாக 18650 என்ற உருளை லித்தியம் செல்லில் கட்டுகிறவர்களுக்கு: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் எல்லாப் பாகமும் கிடைக்கும், ஆனால் இணைக்கும் வரிசை முக்கியம். டிபி4056 சார்ஜர் பலகை, பாதுகாப்புச் சிப்போடு கூடியது. அடுத்து வோல்ட்டை உயர்த்தும் எம்டி3608 பூஸ்ட் பலகை. இந்தப் பூஸ்ட் பலகையின் திருகு எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். 20 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கலாம். ரூட்டரை இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்துத் திருகுங்கள். முதல் பத்துச் சுற்றுக்கு ஒன்றும் அசையாது, கெட்டுப்போனது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், பிறகுதான் இறங்கும். 5.1-ல் நிறுத்தி, திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. 3000 எம்ஏஎச் செல் ஒன்று நம் 4.5 வாட் சுமைக்கு இரண்டு மணி நேரம்தான் தாங்கும். இரண்டு செல்லைப் பக்கவாட்டில் இணைப்பதென்றால் இரண்டின் வோல்ட்டும் ஒன்றாக இருக்கும்படி முழுச் சார்ஜ் செய்த பிறகே இணையுங்கள்; வித்தியாசம் இருந்தால் ஒன்று இன்னொன்றுக்குள் கட்டுப்பாடின்றிக் கரண்ட்டைக் கொட்டும். டிபி4056 சார்ஜ் செய்யும் அதே நேரத்தில் ரூட்டரும் இழுத்தால், சார்ஜ் முடிந்ததை அந்தச் சிப் உணராது. ஓட்டும்போது சார்ஜ் செய்யாமல் இருப்பதே நல்லது.

பேட்டரியையும் ரூட்டரையும் ஒரே தகர டப்பாவில் அடைக்காதீர்கள். தகரம் சிக்னலை விழுங்கும், லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யவும் கூடாது. காற்று போகும் பிளாஸ்டிக் டிபன் டப்பா தாராளம்.

யாருக்கு இது ஆகாது? கட்டுவதில் ஆர்வமில்லை, திரையில் பட்டன் அழுத்தினால் அறிக்கை வர வேண்டும் என்பவர்கள் பைனாப்பிள் மார்க் 7 பக்கம் போகலாம். 5 கிகாஹெர்ட்ஸும் பெரிய ரேமும் உள் ரேடியோவிலேயே வேண்டுமென்றால் அதே ஜிஎல் ஐநெட்டின் ஜிஎல்-எம்டி3000 இருக்கிறது, ரேம் 512 எம்பி. ஆனால் அது 5 வோல்ட் 3 ஆம்பியர் கேட்கும் டைப்-சி. மேலே சொன்ன கேபிள் கணக்கு அங்கே மூன்று மடங்கு கடுமையாகும். அலுவலகத்தில் அந்நிய ஏபி தேடுவது, எந்தெந்த ஏபியில் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ் திறந்து கிடக்கிறது, நிர்வாகப் பாக்கெட்டுகளைக் காக்கும் 802.11டபிள்யூ பாதுகாப்பு எங்கே அணைந்திருக்கிறது என்று கணக்கெடுப்பது போன்ற வேலைகளுக்கு மேங்கோ தாராளமாகப் போதும்.

எந்த ஏபியை, எந்தத் தேதியில், யார் சோதிக்கலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலைக் கிட்டோடு வையுங்கள். இந்தியாவில் அனுமதியின்றி அடுத்தவர் நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளின் கீழ் வரும். நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்ததென்றால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரூட்டரின் நாட்டுக் குறியீட்டை 'ஐஎன்' என்றே வையுங்கள். வேறு நாட்டைப் போட்டு டிரான்ஸ்மிட் பவரை ஏற்றுவதால் காது கூர்மையாகப் போவதில்லை, பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

விமானத்தில் போவதென்றால் பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்குள். நம் 37 வாட்-மணி பேங்க் இடிக்காது. கையால் ஒட்டிய 18650 டப்பாவில் வாட்-மணி எண் எங்கேயும் அச்சாகியிருக்காது. ஸ்கேனரில் அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்த டப்பா உள்ளூரோடு சரி.